குடலுக்குள் ஒரு வட்டை

உங்கள் மாமா இந்தக் கதையைச் சொல்லும்போது எப்போதும் ஆமணக்கெண்ணெயில் இருந்துதான் தொடங்குவார். சிரிப்பு அங்கேதான் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். கேட்டுக் கேட்டு நீங்களும் அப்பாவுக்கு வந்த நோய் ஏதோ பகிடியான வருத்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பகிடி இருந்தது உண்மை. நான் சாகக் கிடந்ததும் உண்மை. இரண்டையும் சேர்த்து எழுதி வைக்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். டொக்டர் விளங்கப்படுத்தியதை எனக்கு விளங்கின அளவில்தான் எழுத முடியும். பிழை இருந்தால் படித்து வந்து நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

அப்போது சண்டைக் காலம், நாங்கள் உன்னிச்சை ஊரில் இருந்தோம். பாதை சில நாள் திறந்திருக்கும், சில நாள் பூட்டியிருக்கும். டவுனுக்குப் போகிற பாலத்தடியில் ஆமியின் சென்றி, காவலரண். சாமான் சக்கட்டு எதையும் இலேசில் விடமாட்டார்கள், மருந்தை அறவே விடமாட்டார்கள். எப்போதாவது நடமாடும் வைத்தியம் வந்தால் ஊரே திரண்டு போய் நிற்கும். அதனால் எங்கள் பக்கத்து வீடுகளில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. வைத்தியத்தில் கப்சூல் கொடுத்தால் யாரும் அதை முழுதாக விழுங்குவதில்லை. காய்ச்சல் கொஞ்சம் இறங்கினதும் மிச்சத்தை எடுத்து வைத்துவிடுவார்கள், அடுத்து வருத்தம் வருகிறவருக்கு உதவும் என்று. எங்கள் வீட்டில் அதற்கு ஒரு பால்மா டின் இருந்தது. பாதி சிவப்பும் பாதி கறுப்புமான கப்சூல், மஞ்சள் கப்சூல், எதற்கென்றே தெரியாத வெள்ளைக் குளிசை எல்லாம் அதற்குள் ஒன்றாகக் கிடக்கும். பக்கத்து வீட்டுக்காரரும் வந்து கேட்டு வாங்கிப் போவார்கள். அவர்கள் மிச்சம் பிடித்ததைக் கொண்டுவந்து போடுவார்கள். அந்த டின்னை நாங்கள் விதைநெல் மாதிரித்தான் வைத்துப் பார்த்தோம்.

அந்த வருசப் பெரும்போக விதைப்பில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வரம்பு கட்டினதில் எனக்கு நெஞ்சுச் சளி பிடித்தது. டின்னில் இருந்து கப்சூல் எடுத்துக் குடித்தேன். சுகம் வந்தது. பிறகு தோளில் ஒரு சீழ்க்கட்டு. அதற்கும் குடித்தேன். சளி திரும்பினது. திரும்பவும் குடித்தேன். அதற்குப் பிறகுதான் வயிற்றால் போகத் தொடங்கியது.

முதலில் சாதாரண வயிற்றோட்டம் என்றுதான் நினைத்தோம். மாதுளங்கோது அவித்துக் குடித்தேன், உப்பும் சீனியும் கலந்த தண்ணீர் குடித்தேன். நிற்கவில்லை. கக்கூசுக்குப் போய்வந்து குந்தினால் தேத்தண்ணீர் ஆறுமுன் திரும்ப ஓட வேண்டும். பிறகு சளி சளியாகவும் இரத்தமாகவும் போனது. நாங்கள் செய்த வேலையைக் கேளுங்கள்: இது பெரிய கிருமிதான் என்று சொல்லி டின்னில் மிச்சமிருந்ததையும் எடுத்து விழுங்கினேன். நெருப்புப் பிடித்த குடிலுக்கு எண்ணெய் ஊற்றின மாதிரி.

எழும்ப முடியாமல் போனபோது உங்கள் மாமா, அதாவது அம்மாவின் தமையன், உழவு மிசின் பெட்டியில் வைக்கோல் போட்டு என்னைக் கிடத்தினார். பிள்ளைகள் உங்களைச் சித்தியிடம் விட்டுவிட்டு அம்மாவும் ஏறினார். பாலத்தடியில் ஒரு ஆமிக்காரன் பெட்டியைச் சோதிக்க வந்து, என் இடுப்புச் சாரத்தை மூடியிருந்த சாக்கைத் தூக்கினான். தூக்கின வேகத்திலேயே போட்டுவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு, போ போ என்று கையைக் காட்டினான். அவ்வளவு கெதியாக எங்களை விட்ட நாள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை. யன்னலோரமாகத் தரையில் பாய் போட்டார்கள். சேலைன் ஏற்றினார்கள். பார்க்க வந்த டொக்டர் ஒரு பெண். டவுன்காரி. வெளிநாட்டில் போய்ப் படித்துவிட்டு, எல்லாரும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் திரும்பி வந்தவர். என் வயிற்றை அமத்திப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது இதைத்தான்.

“கப்சூல் குடிச்ச நீங்களா?”

“குடிச்சதான் டொக்டர். சுகம் வரக்குள்ள நிப்பாட்டிருவன். மறுகாத் திரும்பக் குடிப்பன்.”

“ஆரு தந்த?”

“டின்தான்.”

“டின் எண்டும் ஒரு டொக்டர் இரிக்கா?” என்றார். நான் சிரிக்கப் பார்த்தேன். சிரித்தாலும் வெளிக்கு வந்துவிடும் நிலைமை.

அடுத்த நாள் பின்வழியால் ஒரு குழாயை விட்டு வெளிச்சம் காட்டிப் பார்த்தார். அந்தச் சோதனையைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். வலியைவிட வெட்கம் கூட. குடலின் சுவரெல்லாம் மஞ்சள் மஞ்சளாக, காய்ச்சின பாலில் ஆடை படிந்த மாதிரித் திட்டுகள் இருந்தனவாம். அதைக் கண்டதும் அவருக்கு வருத்தம் இன்னது என்று தெரிந்துவிட்டது. பின்னேரம் வந்து, பாயின் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து சொன்னார். அம்மாவும் மாமாவும் நின்று கேட்டார்கள்.

“நம்மட குடலுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னச் சீவன்கள் கோடிக்கணக்கில இரிக்கி. எல்லாத்துக்கும் கிருமி எண்டு ஒரே பேர வெச்சிட்டம். ஆனா அதுல கனக்க நம்மளுக்கு வேலை செய்யிற ஆக்கள்தான்.”

“கூலி?” என்று மாமா கேட்டார்.

“நீங்க திண்டு சமிக்காத மிச்சம்.”

“அப்ப நம்மட வயலுக்கு வாறவனுகளுக்கு அதுகள் எவ்வளவோ மேல்.”

டொக்டருக்குச் சிரிப்பு வந்தது. “கெட்டது ஒண்டு ரெண்டும் ஒரு மூலையில கிடக்கும். மத்ததுகள் நிறைஞ்சிரிக்கிறதால அதுக்கு எழும்ப இடமில்ல. கப்சூல் நல்லது கெட்டது பாராது, எல்லாத்தையும் அடிச்சிரும். இந்தக் கெட்டது மட்டும் விதை மாதிரி ஓட்டுக்குள்ள சுருண்டு கிடந்து தப்பிரும். மருந்து போனாப்போல முளைக்கும். பாத்தா, ஆருமில்ல. முழு இடமும் அதுக்குத்தான்.”

“கோரை மாதிரி,” என்றேன்.

அப்படித்தான் எனக்கு விளங்கியது. வட்டையில், அதாவது வயல்வெளியில், புல்லுக்கென்று மருந்தைக் கண்டபடி அடித்தால் நெல்லும் கருகும், புல்லும் கருகும். கோரையின் கிழங்கு மட்டும் சேற்றுக்குள் பத்திரமாக இருக்கும். பத்து நாள் கழித்துப் போனால் வரம்புக்கு வரம்பு கோரை. என் வயிற்றுக்குள் நானே மருந்தடித்து, கோரையை விளைய விட்டிருக்கிறேன்.

இதற்கு ஒரு குளிசை தந்தார். நாக்கில் வைத்தால் பித்தளைப் பாத்திரத்தை நக்கின மாதிரி இருக்கும். அதில் நோய் நின்றது. எனக்குக் கட்டிலும் கிடைத்தது. வீட்டுக்குப் போகலாம் என்று சாரத்தை மடித்து வைத்தேன். குளிசை முடிந்து இரண்டு மூன்று நாளில் திரும்பவும் பழையபடி. மறுபடியும் அதே குளிசை, மறுபடியும் நின்றது, மறுபடியும் வந்தது. இதைவிட வலுவான மருந்து ஒன்று உண்டு, அது கொழும்பில் இருந்து வரவேண்டும் என்றார்கள். அதற்கு எழுதிப் போட்டார்கள். பாதை பூட்டு. மருந்து வரவில்லை.

அந்த நாட்களில் ஆஸ்பத்திரியில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், காத்திருந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். காலையில் வாவிப் பக்கமாகக் காற்று வரும். பகலில் கரண்ட் நின்றால் வார்ட் முழுதும் பழைய அட்டைகளால் விசிறிக்கொள்ளும் சத்தம். ஹெலி தாழப் பறந்தால் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு, அது போனதும் விட்ட இடத்தில் இருந்து தொடங்குவோம். அம்மா ஒரு காலை நொண்டி நொண்டிக் கிணற்றடிக்குப் போய் என் துணிகளைத் துவைப்பார். ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று நான் எண்ணவில்லை. மாமா என்னைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு கக்கூசுக்குப் போவார். போகிற வழியில், “மச்சான், நீ முந்தி என்ட தங்கச்சியக் கட்டக்குள்ள ஒரு மூட்டை நெல்லுப் பாரம் இருந்த. இப்ப ஒரு மூட்டைப் பதர்தான் இரிக்கி,” என்பார். சித்தி யாரிடமாவது கொடுத்தனுப்புகிற மீன்சொதியின் தெளிவை மட்டும் அம்மா எனக்குக் கரண்டியால் பருக்குவார். மீனை மாமா சாப்பிடுவார், வருத்தக்காரனைத் தூக்க வேண்டுமே என்று சொல்லிக்கொண்டு.

வார்ட்டின் கடைசியில், முந்திச் சாமான் அறையாக இருந்த ஓர் அறை. அதில்தான் டொக்டர் தன் ஆராய்ச்சியைச் செய்தார். மனிதரின் குடலில் என்னென்ன சீவன்கள் குடியிருக்கின்றன, சுகமாக இருக்கிறவருக்கும் வருத்தக்காரருக்கும் அதில் என்ன வித்தியாசம் என்பதுதான் ஆராய்ச்சி. வார்ட்டுக்கு வருகிற எல்லாரிடமும் ஒரு சின்னப் போத்தலை நீட்டி, “ஒரு கடலைக் கொட்டையளவு போதும்” என்பார். அவர் போத்தலோடு வருவதைக் கண்டால் நித்திரை மாதிரிக் கிடக்கிற ஆட்களும் இருந்தார்கள். ஒரு நாள், நான் கொஞ்சம் தெளிவாக இருந்தபோது, மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அங்கே வரும்படி என்னிடம் சொன்னார்; அம்மாவும் கூட வந்தார்.

யன்னலடியில் ஒரு நுணுக்குக்காட்டி. கரண்டை நம்ப முடியாததால் அதன் அடியில் ஒரு கண்ணாடியை வைத்து வெயிலைப் பிடித்து மேலே அனுப்பியிருந்தார். ஒற்றைக் கண்ணால் பார்க்கச் சொன்னார். வட்டமான வெளிச்சத்துக்குள் ஊதா நிறத்தில் குச்சி குச்சியாக, எல்லாம் ஒரே மாதிரி, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. நடுவில் பெரிய பெரிய வெறும் இடம்.

“இது உங்கட.”

கண்ணாடித் துண்டை மாற்றினார். “இது ஒரு நாளும் கப்சூல் குடியாத ஒருவர்ட.”

அதைச் சொல்ல எனக்குச் சரியான சொல் வரவில்லை. ஊதாவும் ரோசாவும், உருண்டையும் குச்சியும், வளைந்ததும், சங்கிலி மாதிரிக் கோத்ததும், பின்னிப் பிணைந்து, ஒரு நூல் இடம் விடாமல். தேர் இழுக்கிற அன்று கோயில் வீதியை மரத்தில் ஏறி நின்று பார்த்தால் இருக்குமே, அது மாதிரி என்று டொக்டரிடமும் சொன்னேன். நான் திரும்பவும் என்னுடையதைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். சண்டைக்குப் பயந்து சனம் ஓடிப் போன ஊர் மாதிரி இருந்தது. எனக்கு உண்மையான பயம் அப்போதுதான் வந்தது. அதுவரை வயிறுதானே என்றிருந்தேன்.

ஓடின சனத்தைத் திருப்பிக் கொண்டுவர வழியில்லையா என்று கேட்டேன்.

“உங்கட வட்டையில கோரை மண்டி நெல்லே இல்லாமப் போனா என்ன செய்வீங்க?”

“உழுது போட்டு, பக்கத்து வட்டையில விதைநெல்லு வாங்கி விதைப்பன்.”

“அப்ப விதைப்பம்,” என்றார்.

அவர் சொன்ன வைத்தியத்தைக் கேட்டு மாமா கதவடிக்கே போய்விட்டார். சுகமாக இருக்கிற ஒருவரின் மலத்தை எடுத்து, உப்புத் தண்ணீரில் கரைத்து, துணியில் வடித்து, எனிமா கொடுக்கிற மாதிரிக் குழாயால் என் குடலுக்குள் விடுவது. புத்தகங்களில் உண்டு, வேறு நாடுகளில் செய்திருக்கிறார்கள், தான் இதுவரை செய்ததில்லை என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். பலிக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன் என்றார். சத்திரசிகிச்சை டொக்டர் இன்னொரு வழி சொல்லியிருந்தார். வயிறு இன்னும் வீங்கினால் பெருங்குடலை வெட்டி எடுத்துவிட்டு, வயிற்றில் துளை வைத்து ஒரு பையைக் கட்டிவிடுவது. என் உடம்பு இருந்த நிலையில் அந்த வெட்டைத் தாங்குவேனா என்று கேட்டதற்கு அவர் என் காய்ச்சல் அட்டையை எடுத்துத் திரும்பவும் படித்தார்.

எனக்கு வெட்கமும் அருவருப்பும் இருந்தன. இல்லையென்று சொன்னால் பொய். அம்மாதான் முதலில் பேசினார். “மாட்டெருவப் போட்டுத்தானே வெள்ளாம செய்யிறம். அதுல விளைஞ்சதத்தானே திங்கிறம். செய்யுங்க டொக்டர்.”

யாரிடம் எடுப்பது? ஒரே வீட்டில் ஒரே சோற்றைச் சாப்பிடுகிறவர் நல்லது, கிட்டடியில் கப்சூல் குடித்திருக்கக் கூடாது என்றார் டொக்டர். அம்மாவைப் பார்த்தார். பிறகு அம்மாவின் காலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார்.

“காலில என்னக்கா?”

“செல்லடிக்கக்குள்ள பிள்ளையளத் தூக்கிக்கொண்டு ஓடின. தகரம் வெட்டிட்டு.”

“மருந்து?”

“நடமாடும் வைத்தியத்தில கட்டிவிட்ட. கப்சூலும் தந்த.”

“அப்ப நீங்க சரிவர மாட்டீங்க,” என்று டொக்டர் மாமா பக்கம் திரும்பினார். அம்மா காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்.

மாமாவின் மலத்தைச் சோதித்தார்கள். பூச்சி இல்லை, சீதபேதி இல்லை. நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டு டொக்டர், “நல்ல நெருக்கம்” என்றார். மாமா அதைப் பரீட்சையில் சித்தியடைந்த மாதிரி வார்ட் முழுக்கச் சொல்லித் திரிந்தார். “மச்சான், இனி நீ என்னோட தலையை நிமித்திக் கதைக்கேலாது. உன்ட வகுத்துக்குள்ள நான் இரிப்பன்.” ஒரு நாள் விட்டு அடுத்த நாள் விடியக் காலமை வரச் சொன்னார்கள்.

இனிமேல்தான் ஆமணக்கெண்ணெய். மாமா டவுனில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தார். அவருக்கு ஒரே யோசனை. தங்கச்சியின் புருசனின் உடம்புக்குள் போகிற சாமான். அதை அழுக்காகக் கொடுக்கலாமா? கோயிலில் சடங்குக்கு நிற்கிறவர்கள் எப்படி வயிற்றைக் கழுவி விரதம் இருப்பார்கள்! அதே மாதிரி முதல் நாள் காலையில் ஒரு கிண்ணம் ஆமணக்கெண்ணெயைக் குடித்திருக்கிறார். பகல் முழுதும் போயிருக்கிறது. பிறகு இளநீரைத் தவிர வேறொன்றும் வாயில் வைக்கவில்லை. விடிய எழும்பித் தலைமுழுகி, வெள்ளை வேட்டி கட்டி, மூன்று குறி திருநீறு பூசி, வெறும் வயிற்றோடு வார்ட்டுக்கு வந்து நின்றார். நர்ஸ் மிஸி கையில் சட்டியைக் கொடுத்துக் கக்கூசைக் காட்டினார். போன ஆள் திரும்பி வரவில்லை. டொக்டரே கதவடியில் போய் நின்று கேட்டார்.

“என்ன, இன்னும் சுணங்குமா?”

“வாறத்துக்கு ஒண்டுமில்ல டொக்டர்!” உள்ளே இருந்து மாமாவின் குரல். “நேத்தே பேதி குடிச்சி, கழுவித் துடைச்செல்லோ வெச்சிரிக்கன்!”

மிஸி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்த கட்டில்காரர் சிரித்துச் சிரித்து இருமினார். நானும் சிரித்தேன், வயிறு நோக நோக. டொக்டர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாமா வெளியில் வந்து டொக்டரின் முகத்தைப் பார்த்ததும் அவருடைய சிரிப்பும் அடங்கிவிட்டது.

“பிழையா டொக்டர்?”

“எனக்குச் சொல்லத் தெரியல்ல. அது என்ட பிழை,” என்றார். “ஊத்தையத்தான் நான் கேட்டன். உங்கட குடல் பழைய நிலைக்கு வர ஒரு கிழமையாவது வேணும். அவ்வளவு நாளைக்கு இவரால ஏலாது.”

என் வயிறு முந்தின நாளே வீங்கத் தொடங்கியிருந்தது. காய்ச்சலும் ஏறியிருந்தது. சத்திரசிகிச்சை டொக்டர் அடுத்த நாளைக்கு இடம் வைத்துவிட்டார். மாமா திருநீற்றோடு கட்டிலின் காலடியில் குந்திவிட்டார். அம்மா என் துணியை மடித்துக்கொண்டிருந்தவர், அதை வைத்துவிட்டு டொக்டரிடம் போனார்.

“டொக்டர், நான் அந்தக் கப்சூலக் குடிக்கல்ல.”

“எந்தக் கப்சூல்?”

“காலுக்குத் தந்த. ஒண்டுகூடக் குடிக்கல்ல. வீட்ட வந்து டின்னுக்குள்ள போட்டுட்டன். இவருக்கு அப்ப சளி தொடங்கின. எனக்கு உப்புத் தண்ணி போதும் எண்டு நினைச்ச.”

பாதி சிவப்பும் பாதி கறுப்புமாக நான் நெஞ்சுச் சளிக்கு விழுங்கினவை எவை என்று எனக்கு அந்த நேரம்தான் தெரிந்தது. அம்மாவுக்கு அது முந்தியே தெரிந்திருக்க வேண்டும். டொக்டர் கப்சூல்தான் காரணம் என்று சொன்ன அன்றைக்கே தெரிந்திருக்கும். என் கட்டிலைப் பார்க்காமல் அவர் டொக்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கோபம் வரவில்லை, பிள்ளைகள். அந்தத் துணி சுற்றின காலைப் பார்த்தேன். அந்தக் காலோடுதான் அவர் கிணற்றடிக்கும் கட்டிலுக்கும் இத்தனை நாளும் நடந்திருக்கிறார்.

“ஏனக்கா அண்டைக்குச் சொல்லல்ல?” என்றார் டொக்டர்.

“குடிச்ச எண்டு நீங்களே முடிவெடுத்திட்டீங்க. மருந்தக் குடிக்காம வெச்சத்துக்கு ஏசுவீங்க எண்டு பயந்த.”

“ஏசுறத்த மறுகா ஏசுறன். இந்தப் போத்தலப் பிடிங்க.”

சோதித்துப் பார்க்க அதிக நேரம் எடுக்கவில்லை. டொக்டர் அந்த அறையில் இருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார். “தேர்த் திருவிழா!” என்றார் என்னைப் பார்த்து. அன்று பகலே அதைச் செய்தார்கள். உப்புத் தண்ணீரில் கரைத்து, காயத்துக்குக் கட்டுகிற சல்லடைத் துணியை மடித்து வடித்து, இடப்பக்கம் ஒருக்களித்துக் கிடக்கச் சொல்லி மெதுவாக ஏற்றினார்கள். கொஞ்சம் குளிர், கொஞ்சம் ஊதல். வேறொன்றுமில்லை. அதை எவ்வளவு நேரம் உள்ளே பிடித்து வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது என்றார்கள். கட்டிலின் கால்மாட்டை உயர்த்தி இரண்டு செங்கல் வைத்தார்கள். அதுவரை ஒரு நாழிகை அடக்க முடியாத நான், பல்லைக் கடித்துக்கொண்டு பின்னேரம் வரைக்கும் கிடந்தேன். இது அவர் தந்தது, விடக்கூடாது என்ற ஒரே நினைப்பு. அம்மா கட்டிலடியில் நிலத்தில் இருந்து, “விடாதீங்க, விடாதீங்க” என்று மெல்லச் சொல்லிக்கொண்டே இருந்தார். பிள்ளை பெறுகிற இடத்தில் முக்கு முக்கு என்பார்களே, அதன் மறுபக்கம்.

சத்திரசிகிச்சை டொக்டர் ஒரு நாள் பொறுக்கச் சம்மதித்தார். அடுத்த நாள் காய்ச்சல் இறங்கியது. அதற்கடுத்த நாள் வயிறு வற்றினது. கக்கூசுக்கு நடந்து போய், வெறுங்கையோடு திரும்பி வந்தேன். அப்படியொரு சந்தோசம் இருக்கிறது என்று வருத்தம் வராதவர்களுக்குத் தெரியாது. பிறகு ஒரு விடியல், அடுத்த கட்டில்காரருக்கு வந்த சோற்றின் மணம் மூக்கில் அடித்தது. எனக்குப் பசித்தது. பசி என்றால் என்னவென்றே மறந்து போயிருந்தேன். “சோறு” என்றேன். மாமா எழும்பி நின்று வார்ட்டுக்கே கேட்கக் கத்தினார்: “பயிர் முளைச்சிட்டு!”

ஒரு கிழமை கழித்து டொக்டர் என்னை யன்னலடிக்குக் கூட்டிப்போய்த் திரும்பவும் காட்டினார். ஊதா, ரோசா, உருண்டை, குச்சி. வெறும் இடங்கள் இன்னும் இருந்தன. ஆனாலும் ஊருக்குச் சனம் திரும்பத் தொடங்கியிருந்தது. இவை எல்லாம் என்ன என்ன வேலை செய்கின்றன என்று கேட்டேன். சிலது தெரியும், மிச்சம் இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது, அதைத்தான் படிக்கிறேன் என்றார். தெரியாது என்பதை அவ்வளவு சந்தோசமாகச் சொன்ன ஒருவரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

துண்டு வெட்டி வீட்டுக்கு விடுகிற அன்று டொக்டர் அம்மாவைக் கட்டிலில் இருத்தி, காலில் சுற்றியிருந்ததை அவிழ்த்தார். மேலே மூடின மாதிரி இருந்தது. அமத்தினபோது உள்ளிருந்து சீழ் வந்தது. டொக்டர் அன்றைக்குத்தான் ஏசினார், சொன்னபடி. கீறிக் கழுவிக் கட்டினார். எலும்பு வரைக்கும் போகுமுன் நிறுத்த வேண்டும், இதற்குக் கப்சூல் குடித்தே ஆகவேண்டும், கடைசிக் கப்சூல் வரைக்கும் என்றார்.

அம்மா கப்சூல் பையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். நுணுக்குக்காட்டியில் அவரும் ஒரு தரம் பார்த்திருந்தார்.

“குடிச்சா, என்ட வகுத்துக்குள்ள இரிக்கிறதுகளும் செத்துரும் எலுவா?”

“கொஞ்சம் சாகும். தேவையில்லாமக் குடிக்கிறதுதான் பிழை. இது தேவை. அனேகமா அதுகள் தானாத் திரும்பி வந்திரும்.”

“வராட்டி?”

டொக்டர் என்னைக் காட்டினார். “வராட்டி என்ன? உங்கட விதைநெல்லு இப்ப இவரிட்ட இரிக்கிதானே. திருப்பி வாங்கலாம்.”

மாமா தொடையில் அடித்துச் சிரித்தார். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார், கடன் வாங்கின ஆளைப் பார்க்கிற மாதிரி. பிறகு ஒரு கப்சூலை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். விழுங்கினதை நம்பச் சொல்லி வாயைத் திறந்து எனக்குக் காட்டினார்.

நாக்கைத் தூக்கச் சொன்னேன். தூக்கினார்.